வெடி கேட்டுப் படுத்தவனுக்கு

மகன், நாங்கள் இங்கே சுகம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. அப்பாவுக்கு முழங்கால் நோவு இருக்கிறது, எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. மற்றபடி சுகம். நெல் கதிர் தள்ளிவிட்டது. கிளி விழத் தொடங்கிவிட்டதால் அப்பா விடிந்ததிலிருந்து வட்டைக்குள் நின்று தகரம் அடிக்கிறார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அந்தச் சத்தம் வயல் பக்கமிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. நாளைக்கு வாவியைக் கடந்து பட்டணம் போகிற ஒருவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து, அங்கே தபாலில் போடச் சொல்லப் போகிறேன். வழக்கம்போல இதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடாதே. அறையில் இருக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு இருத்திச் சத்தமாக வாசி. உனக்குப் ‘படுவான்’ என்று பட்டம் வைத்த பொடியன்கள் முன்னுக்கு இருக்கட்டும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. நாலு வரி. “அம்மா, நான் இனி ஓடமாட்டன். அடுத்த மாசப் போட்டிக்குக் குடுத்த பேர வெட்டியாச்சி. படிக்கிற வேல கிடக்கு. யோசிக்க வேணாம்.” அவ்வளவுதான். நடக்கப் பழகுமுன் ஓடப் பழகிய பிள்ளை, குடத்தைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் ஓடுகிற பிள்ளை, திடீரென்று படிக்கிற வேலை கிடக்கிறது என்று எழுதினால் பெற்றவள் நம்புவாளா? காரணத்தை நீ எழுதவில்லை. அதைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கியவன் பக்கத்து வளவு ரவி. உனக்கு ஒரு வருடம் முந்தி அதே கண்டிக் கம்பஸுக்குப் படிக்கப் போனவன், இப்போது லீவில் வந்து நிற்கிறான். சின்ன வயதிலேயே பட்டணத்தில் மாமன் வீட்டில் நின்று படித்தவன் என்பதால் ஊர்ச் சங்கதி பாதி அவனுக்குத் தெரியாது. “மாமி, புதுசா வந்த பொடியன்மாருக்கு வெச்ச போட்டி. நானூறு மீற்றர். துவக்கு வெடிச்ச உடன எல்லாரும் ஓடினாங்க. இவன் மட்டும் குப்புறப் படுத்துட்டான். ரெண்டு கையாலயும் தலையப் பொத்திக்கிட்டுக் கிடந்தான். மத்த ஆக்கள் ஓடி முடிச்சிட்டாங்க, இவன் எழும்பல்ல. மறுகா அந்தக் கோச் வந்து கையப் பிடிச்சித் தூக்கித்தான் எழும்பினவன்.” சொல்லும்போது சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. “படுவான்கரையான் படுத்துட்டான் எண்டு இப்ப எல்லாரும் அவனைப் ‘படுவான்’ எண்டுதான் கூப்பிடுறாங்க.”

நான் வாய் திறக்குமுன் அப்பா முந்திவிட்டார். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும், அதை ஒருவர் முந்துவது ஊருக்கே அதிசயம். முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். “நிண்டவனையும் ஓடினவனையும் எத்தின பேரத் தூக்கினம், தம்பி. படுத்தவன் ஒருத்தன் உயிரோட கிடந்துட்டுப் போகட்டும்.” ரவியின் சிரிப்பு அதோடு நின்றது. பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, வேறு சங்கதி பேசிவிட்டுப் போனான். அவன் கெட்டவனில்லை. சிரிக்கக்கூடியதைப் பார்த்தான், சிரித்தான். ஆனால் நீ அதைக் கேட்டு ஓட்டத்தை விட்டாயே, அதற்குத்தான் எனக்கு உன்மேல் கோபம்.

உன் அறையில் வேற்றூர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களுக்குச் சொல்லு. எங்கள் வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம், சூரியன் எழும்புகிற கரை எழுவான்கரை. மேற்கே, வயல் பக்கம், சூரியன் படுகிற கரை படுவான்கரை. பெயர் வைத்தவர்கள் சூரியனைப் பார்த்து வைத்தார்கள், மனிதரைப் பார்த்து அல்ல. உன் அப்பா களுவாஞ்சிக்குடிக்காரர். எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது வழக்கம் என்பதால், கலியாணம் கட்டித் தோணியேறிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தார். “நான் எழுவான்கரையில எழும்பிப் படுவான்கரையில வந்து படுத்தவன்” என்று இன்றைக்கும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பகிடி விடுகிறார். அவர் சொன்னால் ஊர் சிரிக்கிறது, அவரும் சிரிக்கிறார். அதே சொல்லை உன்னைப் பார்த்துச் சொன்னதும் நீ ஓட்டத்தையே விட்டுவிட்டாய். அப்பனிடமிருந்து காலை மட்டும் எடுத்துக்கொண்டாய், தோலை என்னிடமிருந்து எடுத்துவிட்டாய். சுள்ளென்று பட்டுவிடும்.

வெடி கேட்டால் குப்புறப் படுக்க உனக்குப் பழக்கியது நான். அதை நான் மறைக்கப் போவதில்லை, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் போவதில்லை. நான் பாலர் பாடசாலை ரீச்சர். மூன்று வயதும் நாலு வயதுமாகப் பிள்ளைகள் வந்து இருக்கிற ஓலைக் கொட்டிலுக்குச் சுவர் கிடையாது. எங்கிருந்து யார் சுடுகிறார்கள் என்று பார்க்கிற வயதும் அவர்களுக்கு இல்லை. பயப்படாதே என்று சொல்லிப் பார்த்தேன், அழுதார்கள். படு என்று அதட்டிப் பார்த்தேன், அதற்கும் அழுதார்கள். பிறகுதான் அதை விளையாட்டாக்கினேன். நான் ‘படுவான்’ என்றால் எல்லாரும் நெஞ்சு மண்ணில் பட விழவேண்டும், தலையைக் கையால் பொத்தவேண்டும். நான் ‘எழுவான்’ என்றால் எழும்பி ஓடிப்போய்ப் புளியமரத்தைத் தொடவேண்டும். முதலில் தொட்டவருக்கு ஒரு இனிப்பு. நான் எழுவான் சொல்லுமுன் எழும்பினவருக்கு இனிப்பு கிடையாது, அடுத்த முறையும் விளையாட முடியாது. விளையாட்டில் ஒரே ஒரு சட்டம் அதுதான். சத்தம் நின்றாலும் எழும்பக்கூடாது, பக்கத்துப் பிள்ளை எழும்பினாலும் எழும்பக்கூடாது, ரீச்சர் சொன்னால்தான் எழும்பலாம். பிறகு பிறகு நான் ‘படுவான்’ என்று சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. தூரத்தில் வெடி கேட்டால் பிள்ளைகள் தாங்களாகவே படுத்தார்கள். எழுவானை மட்டும் நான் சொன்னேன்.

அந்த விளையாட்டில் உன்னோடு ஒன்றாகப் படுத்து எழும்பினவன் கண்ணன். உனக்கு அவனைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, உன் அறைப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். எங்கள் பின் வளவுப் பிள்ளை, உன் வயது. மரத்தை எப்போதும் அவன்தான் முதலில் தொடுவான். ஆனால் முக்கால்வாசி நாள் இனிப்பு உனக்குத்தான் கிடைத்தது, ஏனென்றால் அவன் நான் சொல்லுமுன் எழும்பிவிடுவான். “பொறுக்கேலாம இருக்கு ரீச்சர்” என்பான். நீ பொறுத்துக் கிடப்பாய், மூக்கு முழுக்க மண்ணோடு. பிறகு பெரிய பள்ளிக்கூடம் போனீர்கள். அங்கே விளையாட்டு மாஸ்டர் உங்கள் இருவரையும் பிடித்து ஓட விட்டார். துவக்குச் சத்தத்தோடு போட்டி தொடங்க யாருக்கு அங்கே துணிச்சல் இருந்தது? ஒரு வெடி வைத்தால் பதிலுக்கு எத்தனை வெடி வருமென்று யாருக்குத் தெரியும்? அதனால் மாஸ்டர் எண்ணெய்த் தகரம் ஒன்றைத் தூக்கிப் பிடித்துத் தடியால் அடிப்பார். கிளியை விரட்டுகிற அதே தகரச் சத்தத்தில்தான் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஓடத் தொடங்கினார்கள். கோட்டம், வலயம், மாவட்டம், எல்லாம் தகரமும் விசிலும்தான். தகரம் என்றால் ஓடு, வெடி என்றால் படு. இதைப் பதினெட்டு வயதுவரை உன் உடம்புக்குள் ஏற்றி வைத்தது நானும் மாஸ்டரும் இந்த நாடும்.

பயிற்சிக்கு நீங்கள் விடியற்காலையில் வாய்க்கால் கட்டில் ஓடினீர்கள். அதிலும் வந்தது வினை. வெடி கேட்டால் படு என்பது நான் சொன்ன முதல் கட்டளை என்றால், ஆமிக் காவல் நிற்கிற சென்றியைக் கண்டால் நட என்பது இரண்டாவது. ஓடுகிற பொடியனைச் சுட்டுவிட்டுத்தான் யாரென்று பார்ப்பார்கள் என்று ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஓடாதே என்று சொல்லி வளர்த்த எனக்கு ஓட்டக்காரனைக் கொடுத்த கடவுளை என்ன சொல்ல? ஒரு நாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பாலத்தடிச் சென்றிக்குப் போனேன். எனக்குத் தெரிந்த சிங்களம் கடைச் சாமான் வாங்குகிற சிங்களம். “மகே புதா துவனவா” என்றேன். என் மகன் ஓடுகிறான் என்று அர்த்தம். அந்த ஆமிக்காரன் துவக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “எங்க ஓடுற?” என்று அரைத் தமிழில் கேட்டான். எங்கேயும் இல்லை, ஓடிவிட்டுத் திரும்ப வந்துவிடுவான் என்றேன். “யார் துரத்துற?” என்றான். யாரும் துரத்தவில்லை என்றேன். உனக்கும் உன் மகனுக்கும் பைத்தியமா என்பதுபோல் என்னைப் பார்த்தான். கடைசியில் ஒரு வழி சொன்னான், சிவப்புப் பெனியன் போட்டு ஓடச் சொல்லு, சிவப்பைச் சுடமாட்டோம் என்று. உனக்கும் கண்ணனுக்கும் நான் சிவப்புத் துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். அவர்கள் ஆள் மாறும்போதெல்லாம் நான் மறுபடி போய், அதே சிங்களத்தைச் சொல்லி, அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லி வந்தேன். ஒரு தடவை ஒரு பெரியவன், “இந்தச் சண்டைக்குள்ள ஓட்டம் என்னத்துக்கு?” என்று கேட்டான். சண்டை உங்களது, கால் என் பிள்ளையுடையது என்று சொல்ல எனக்குச் சிங்களம் போதவில்லை. போதாதது நல்லதுதான்.

துறையடி நாளைப் பற்றி நீ என்னோடு ஒருபோதும் பேசியதில்லை. நான் பேசுகிறேன். தோணித் துறையில் சந்தைக்குப் போய் வந்த சனம் இறங்கிக்கொண்டிருந்த நேரம் வெடி தொடங்கியது. யார் முதலில் சுட்டார்கள் என்று ஆளுக்கொரு கதை இன்றுவரை உண்டு, எனக்கு அந்தக் கதைகள் தேவையில்லை. நீங்கள் இருவரும் பயிற்சி முடிந்து அந்த வழியாக வந்துகொண்டிருந்தீர்கள். நீ கண்டல் பற்றைக்குப் பக்கத்துச் சேற்றில் படுத்தாய். கண்ணன் ஓடினான். அவனுக்குத் தன் காலில் நம்பிக்கை இருந்தது, மாவட்டத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவன் போட்டிருந்தது சிவப்புப் பெனியன், நான் தைத்தது. சத்தம் ஓய்ந்தபின் நான் விழுந்தடித்து வந்தேன். சேற்றுக்குள் நீ கிடந்தாய். சனம் எல்லாம் எழும்பிக் கத்திக்கொண்டு திரிந்தது, நான் வந்து தோளில் கை வைக்கும்வரை நீ அசையவில்லை. உன்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு நான் அழுத அழுகை கண்ணனுக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். இல்லை மகன். நீ உயிரோடு இருந்த சந்தோசத்தில் அழுதேன். கண்ணனுக்காகப் பிறகு அழுதேன், இன்னமும் அழுகிறேன், ஆனால் அன்றைக்கு அழுதது உனக்காக.

அதற்குப் பிறகுதான் நீ எல்லாப் போட்டியிலும் முதலாவதாக வந்தாய். முதலாவதாக வந்து மெடலை வாங்கி, நேரே கொண்டுபோய்க் கண்ணனுடைய தாயின் கையில் கொடுப்பாய். “நான் ரெண்டாவதப்பா, எல்லாரும் என்ன முதலாவது எண்டு நினைக்கிறாங்க” என்று அப்பாவிடம் நீ சொன்னது எனக்குக் கேட்டது. அப்போது உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், கேட்காததுபோல் இருந்தேன். இப்போது பதில் சொல்கிறேன். ஓம், நீ இரண்டாவதுதான். அது தெரிந்துகொண்டே ஓடினவன் நீ. அப்படி ஓடப் பழகினவனுக்கு, மற்றவர்கள் முந்துவது புதிய சங்கதியா?

எங்கள் ஆசையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நீ மாவட்டத்தில் வென்று வந்த நாள் உன்னை லொறியில் ஏற்றி, மாலை போட்டு, கோயிலடியிலிருந்து சந்திவரை கொண்டு வந்தார்கள். நான் தோணியில் வருகிற போகிற எல்லாரிடமும், “என்ட மகன் நாட்டுக்கு ஓடப்போறான்” என்று சொல்லித் திரிந்தேன். ஒரு நாள் துடுப்புப் போட்டவர் திரும்பிப் பார்த்து, “எந்த நாட்டுக்குப் புள்ள?” என்று கேட்டார்.  நான் அதற்குப் பிறகு நாட்டை விட்டுவிட்டு, “கம்பஸுக்கு ஓடப்போறான்” என்று மாற்றிச் சொன்னேன். மார்க்ஸும் வந்து, இடமும் கிடைத்து, நீ பஸ் ஏறினபோது எங்கள் மனதில் இருந்த படம் என்ன தெரியுமா? நீ போய் இறங்கிய கையோடு மலைநாடு முழுக்க வந்து உன் காலைப் பார்க்கும் என்று. எங்களுக்கு வேறென்ன தெரியும்? கண்டி ரோட்டில் மைதானம் இருக்கிறது, அதில் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை. அங்கே நீ பார்த்தது வேறு. பத்து வயதிலிருந்து கோச் வைத்து, முட்டையும் பாலும் குடித்து, முள்ளுச் சப்பாத்துப் போட்டு ஓடின பிள்ளைகள். நீ வெறுங்காலோடு வாய்க்கால் கட்டில் ஓடினவன். பயிற்சியில் நீ ஐந்தாவது ஆறாவதாகத்தான் வருகிறாய் என்று ரவி சொன்னான். வெடிக்கு முன்னமே உன் முகம் விழுந்துவிட்டது என்றும் சொன்னான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று அங்கே யாராவது சொல்லியிருப்பார்கள், சொல்லாவிட்டால் நீயே உனக்குச் சொல்லிக்கொண்டிருப்பாய். சொல்லட்டும். இலுப்பைப்பூவும் இனிப்புத்தான். ஆலை இல்லாததும் எங்கள் குற்றமில்லை.

ஆகவே நீ முதலாவதாக வரவேண்டும் என்று நான் எழுதவில்லை. அதை வாசித்துவிட்டு இன்னொரு தரம் வாசி, ஏனென்றால் உன் காதில் அது ஏறாது. நீ ஆறாவது என்றால் ஆறாவது. முயன்று நாலாவதாக வந்தால் எனக்கு ஒரு கடிதம் போடு, அப்பாவுக்குப் பாயாசம் காய்ச்சிக் கொடுக்கிறேன். கடைசியாக வந்தாலும் கடிதம் போடு, அதற்கும் காய்ச்சுவேன், அவருக்குப் பாயாசம் குடிக்க ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். லொறியையும் மாலையையும் நாங்கள் இறக்கி வைத்துவிட்டோம், நீயும் முதுகிலிருந்து இறக்கிவிடு. அங்கே போனபின் ஓட்டம் உன் முழு வாழ்க்கையாக இருக்கப் போவதில்லை. படிப்பு இருக்கிறது, பிறகு உத்தியோகம் இருக்கிறது. ஒரு நாள் ஓட்டத்தை விடத்தான் போகிறாய். காலில் நோவு வந்து விடலாம், பரீட்சை வந்து விடலாம், ஒரு பெட்டையைக் கண்டு விடலாம், எனக்குச் சம்மதம். ஆனால் சிரித்தார்கள் என்று விடாதே. விடுவதென்றால் நிமிர்ந்து நின்று விடு. படுத்த இடத்தில் கிடந்துகொண்டு விட்டேன் என்று சொல்லாதே. மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிக்கவும் சொல்லவில்லை. ஒட்டியதுதான், கம்பஸ் முழுக்கப் பார்த்தது. தட்டிவிட்டால் போகிற மண்.

ரவி இன்னும் இரண்டு சங்கதி சொன்னான். அவனுக்கு அவை பெரிதாகப் படவில்லை, எனக்குப் பட்டது. உன் பக்கத்துக் கோட்டில் ஓடின சிங்களப் பொடியன், முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தவன், பக்கத்தில் உன்னைக் காணாமல் நின்று திரும்பிப் பார்த்தானாம். அதில் அவனுக்கு முதலிடம் போய்விட்டது. நீ சுடப்பட்டுவிட்டாய் என்று நினைத்தானோ என்னவோ. அவனுடைய பெயரைக் கேட்டாயா? கேட்டிருக்கமாட்டாய், வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு அறைக்கு ஓடியிருப்பாய். அவனைத் தேடிப் பிடித்து ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடு. மற்றது, அந்தக் கோச். உன் பெயரை வெட்டச் சொல்லி நீ கேட்டபோது அவர் வெட்டவில்லையாம். “வெட்டுறது லேசு, போட்டிக்கு இன்னும் நாள் கிடக்கு” என்று சொல்லித் தள்ளி வைத்திருக்கிறாராம். இதை நீ எனக்கு எழுதவில்லை. பேரை வெட்டியாயிற்று என்றுதான் எழுதினாய். பொய்யைக்கூட நாலு வரிக்குள் எழுதுகிற பிள்ளை நீ.

இனி நான் எழுத வந்த விசயம். ரவி வந்துபோன பிறகு எனக்கு ஒன்று விளங்காமலே இருந்தது. வெடிக்கு நீ படுத்ததை நான் உடனே விளங்கிக்கொண்டேன். எழும்பாமல் கிடந்தாயே, அது ஏன்? ஒரு வெடிதான் வைத்தார்கள். மைதானம், வெயில், சனம், கைதட்டல். அது வெறும் போட்டித் துவக்கு என்று அடுத்த நொடியே உனக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவு நேரம் ஏன் கிடந்தாய்? பயந்தா என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சேற்றில் கிடந்தவனை நான் சரியாகத் தூக்கவில்லையோ, பாதிப் பிள்ளை இன்னும் துறையடியிலேயே கிடக்கிறதோ என்றெல்லாம் மனம் போனது.

போன கிழமை பாலர் பாடசாலையில் பிள்ளைகள் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில், காட்டுப் பக்கம், படபடவென்று வெடித்தது. பிள்ளைகள் பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தார்கள். நானும் குனிந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிட்டது. நான் எழும்பி நின்று வெளியே பார்த்தேன், உன் ஞாபகம் வந்தது, ரவி சொன்னது ஞாபகம் வந்தது, அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ரோட்டில் சைக்கிள் ஓடத் தொடங்கிவிட்டது, கடைக்காரர் கதவைத் திறந்துவிட்டார், புளியமரத்தில் காகம் வந்து இருந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் அத்தனை பேரும் கிடந்தபடியே கிடக்கிறார்கள். ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. ஒரு சின்னப் பெட்டை தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாள். “ரீச்சர், எழுவான் சொல்ல மறந்திட்டீங்களா?”

அந்த இடத்தில் எனக்கு விளங்கியது மகன். நீ பயந்து கிடக்கவில்லை. துறையடியிலும் பயந்து கிடக்கவில்லை, அந்த மைதானத்திலும் பயந்து கிடக்கவில்லை. நீ காத்துக்கொண்டு கிடந்தாய். சத்தம் நின்றாலும் எழும்பக்கூடாது, பக்கத்துப் பிள்ளை எழும்பினாலும் எழும்பக்கூடாது. பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் எழும்பி ஓடிவிட்டார்கள், நீ என் சட்டத்தை மீறவில்லை. அந்தப் பெரிய மைதானத்தில், அவ்வளவு படித்த சனத்துக்குள், உனக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு அன்றைக்கு எழுவான் சொல்லி, எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தேன். முதலாவது, இரண்டாவது பார்க்கவில்லை.

ஆகவே நாளைக்கே அந்தக் கோச்சிடம் போ. உன்னைப் பற்றி அவருக்கு எல்லாவற்றையும் சொல்லு, உனக்குச் சிங்களம் போதாவிட்டால் அந்தப் பக்கத்துக் கோட்டுப் பொடியனைக் கூட்டிப் போ. வெறும் மைதானத்தில் உனக்காகத் துவக்கை வைக்கச் சொல்லு, ஒரு நாளைக்குப் பல தரம் வைக்கச் சொல்லு. முதல் தரம் படுப்பாய். படு. இரண்டாம் தரமும் படுப்பாய், படு. படுத்ததற்கு எவன் சிரித்தாலும் சிரிக்கட்டும், படுக்கத் தெரிந்ததால்தான் நீ அந்தக் கம்பஸ் வாசலை மிதித்தாய் என்று அவனுக்குச் சொல்லு. ஆனால் ஒவ்வொரு தரமும் படுத்த உடனே எழும்பி ஓடு, மற்றவர்கள் எவ்வளவு தூரம் போயிருந்தாலும் ஓடு, கோட்டைத் தொடும்வரை ஓடு. அடுத்த மாதம் போட்டியிலும் உடம்பு சொல்லிப் படுத்துவிட்டால், அங்கேயும் எழும்பி ஓடு. படுத்து எழும்பி நானூறு மீற்றர் ஓடி முடித்தவன் என்று அவர்கள் உனக்கு வேறு பட்டம் தேடட்டும். எங்கள் கரைக்குச் சூரியன் படுகிற கரை என்றுதான் பெயர். படுத்த சூரியன் அடுத்த நாள் வராமல் விட்டதை நான் இன்னும் காணவில்லை.

விளையாட்டு இன்னும் முடியவில்லை. பாதியில் நிற்கிறது. உன் பாதியை நீ செய்தாய், நல்ல பிள்ளையாக, நான் பழக்கினபடி நெஞ்சு மண்ணில் படப் படுத்தாய். மற்றப் பாதியைச் சொல்லவேண்டியவள் நான். எழுத்தில் எழுதினால் போதுமோ என்று தெரியாததால், இப்போதுதான் பேனையை வைத்துவிட்டு வாசலுக்குப் போய், மலைப் பக்கம் பார்த்து, தொண்டை கிழியச் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வட்டைக்குள் அப்பா தகரம் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கிளி எல்லாம் கலைந்து பறந்தது. உனக்கு அங்கே கேட்டிருக்காது. அதனால் கீழேயும் எழுதுகிறேன். இதை மட்டும் நீ வாசிக்காதே, அறையில் இருக்கிற யாராவது ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லு.

எழுவான்.